திராட்சைத் தோட்டமும் ஏழு பட்டியல்களும்

ஹைதராபாத்தை ஒட்டி ஜீடிமெட்லா என்றொரு இடம் இருக்கிறது. இன்று அது தொழிற்பேட்டை. ஒரு காலத்தில் அந்தப் பக்கம் திராட்சைத் தோட்டங்கள் இருந்தன. அதில் ஒன்று, ஜெயலலிதா சினிமாவில் இருந்த காலத்தில் வாங்கப்பட்டது. 1991 ஜூலை முதல் 1996 ஏப்ரல் வரை அந்தத் தோட்டத்தில் எவ்வளவு வருமானம் வந்தது என்ற கேள்விக்கு, பெங்களூரில் நடந்த அவருடைய சொத்துக் குவிப்பு வழக்கில் நான்கு விடைகள் கிடைத்தன. அரசுத் தரப்பு சுமார் 5.78 லட்சம் ரூபாய் என்றது. ஜெயலலிதா தரப்பு 52.50 லட்சம் என்றது. விசாரணை நீதிமன்றம் 10 லட்சம் என்று வைத்துக்கொண்டது. கர்நாடக உயர் நீதிமன்றம் சுமார் 46.71 லட்சம் என்றது.

கொடி ஒன்றுதான், காய்த்த பழமும் ஒன்றுதான். ஏக்கருக்கு எவ்வளவு விளையும் என்று சொல்ல தோட்டக்கலை அதிகாரி சாட்சிக் கூண்டில் ஏற வேண்டியிருந்தது. பறித்துத் தின்று பல வருடமான பழத்துக்கு எடை போட்டார்கள்.

சொத்துக் குவிப்பு வழக்கு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தங்கமும் புடவையும் செருப்பும்தான். எனக்கு இந்தத் திராட்சைதான் நினைவுக்கு வரும். பொதுப் பதவியில் இருப்பவர்கள் சொத்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்று நம் நாட்டில் எத்தனையோ விதிகள் இருக்கின்றன. ஆனால் கணக்குக் காட்டுவது வேறு, கணக்குச் சொல்வது வேறு. "என்னிடம் இவ்வளவு இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தால் அது கணக்குக் காட்டுவது. "இது இப்படித்தான் வந்தது" என்று விளக்கினால் அது கணக்குச் சொல்வது. முதலாவதை வருடா வருடம் ஒரு அலுவலகம் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்கிறது. இரண்டாவதை, சோதனை நடந்து வழக்குப் போட்ட பிறகு, வேறொரு அலுவலகம் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில் பெரும்பாலும் பத்து இருபது வருடம் ஓடிவிடுகிறது.

விளக்கம் கேட்கும் சட்டம் வந்த கதை

லஞ்சம் வாங்கியதை நிரூபிப்பது கஷ்டம். கொடுத்தவரும் சொல்லமாட்டார், வாங்கியவரும் சொல்லமாட்டார். ரசாயனப் பொடி தடவிய நோட்டோடு கையும் களவுமாகப் பிடித்தால்தான் உண்டு. சரி, வாங்கியதைப் பிடிக்க முடியாவிட்டால் சேர்த்ததைப் பிடிக்கலாமே என்ற யோசனைதான் சொத்துக் குவிப்பு என்ற குற்றத்தின் வேர்.

1962-இல் மத்திய அரசு ஊழல் தடுப்பு பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. தலைவர் க. சந்தானம், தமிழ்நாட்டுக்காரர், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர், அரசியல் நிர்ணய சபையில் இருந்தவர். 1964-இல் அறிக்கை வந்தது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் அதன் பரிந்துரையில் பிறந்ததுதான். அதே 1964-இல் ஊழல் தடுப்புச் சட்டத்தில் ஒரு திருத்தமும் வந்தது. அரசு ஊழியர் ஒருவர் தம் வருமானத்துக்குப் பொருந்தாத சொத்தை வைத்திருந்து, அதற்குத் திருப்தியான கணக்குச் சொல்ல முடியாவிட்டால் அதுவே ஒரு குற்றம். பழைய 1947 சட்டத்தில் 5(1)(e) என்று இருந்த இந்தப் பிரிவு, 1988 சட்டத்தில் 13(1)(e) ஆனது. 2018 திருத்தத்துக்குப் பிறகு 13(1)(b).

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சட்டத்தில் 'தெரிந்த வருமான வழிகள்' என்று ஒரு தொடர் வருகிறது. யாருக்குத் தெரிந்த? குற்றம்சாட்டப்பட்டவருக்கு எல்லாம் தெரியும், அவருடைய வருமானம்தானே. விசாரணை செய்தவருக்கு, நியாயமாகத் தேடிய பிறகு, தெரிய வந்த வழிகள் என்றுதான் அதற்குப் பொருள் என உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லிவிட்டது. சம்பளம், வாடகை, வட்டி இவற்றையெல்லாம் அரசுத் தரப்பு கூட்டிக் காட்டும். அதற்கு மேல் ஒரு வழி இருந்தது என்றால் அதைச் சொல்லி நிரூபிக்கும் வேலை சொத்து வைத்திருப்பவருடையது. வந்த வழி சட்டப்படியானதாக இருக்க வேண்டும், வந்ததை உரிய இடத்தில் அப்போதே தெரிவித்திருக்கவும் வேண்டும் என்று 1988 சட்டம் இன்னொரு முடிச்சும் போட்டது. இந்த இரண்டாவது முடிச்சுதான் முக்கியம் என்பேன். சொத்துக் கணக்குக் காட்டும் விதிக்கும் விளக்கம் கேட்கும் சட்டத்துக்கும் இடையே இருந்த ஒரே கயிறு அது. 2018 திருத்தத்தில் அந்த முடிச்சை எடுத்துவிட்டார்கள்.

இந்தப் பிரிவு பற்றிய பெரிய தீர்ப்புகளில் ஒன்று சென்னை சம்பந்தப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த கே. வீராசாமி மீது 1976-இல் சிபிஐ சொத்துக் குவிப்பு வழக்குப் பதிந்தது. நீதிபதி அரசு ஊழியரா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போய், 1991 ஜூலையில் ஆம், அரசு ஊழியர்தான் என்று தீர்ப்பானது. அதே தீர்ப்பில் இன்னொன்றும் சொன்னார்கள். வழக்குப் பதிந்து விசாரிக்கும் அதிகாரி, குற்றப்பத்திரிகை போடும் முன் சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டாக வேண்டிய கட்டாயம் இல்லை. கேட்கலாம், பல இடங்களில் கேட்கவும் செய்கிறார்கள். நம் லஞ்ச ஒழிப்புத் துறையே கடைசி வாய்ப்பு என்று ஒரு நோட்டீஸ் அனுப்பும். ஆனால் அது உரிமை இல்லை. 'எப்படி வந்தது?' என்ற கேள்வியைச் சட்டம் கட்டாயமாக்கும் முதல் இடம் நீதிமன்றம்தான்.

ஏழு பட்டியல்

லஞ்ச ஒழிப்புத் துறையில் இந்த வழக்குகளைப் பார்ப்பவர்கள் ஏழு பட்டியல் போடுவார்கள். குறிப்பிட்ட ஒரு காலத்தை எடுத்துக்கொள்வார்கள், அதற்குச் சோதனைக் காலம் என்று பெயர். அந்தக் காலம் தொடங்கும்போது இருந்த சொத்து முதல் பட்டியல். முடியும்போது இருந்த சொத்து இரண்டாவது. நடுவில் வந்த வருமானம் மூன்றாவது, செலவு நான்காவது. மீதி மூன்றும் கூட்டல் கழித்தல்தான்.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் அலுவலருக்கு 2015 தொடக்கத்தில் 20 லட்சம் ரூபாய் சொத்து. 2020 முடிவில் 1 கோடியே 10 லட்சம். நடுவில் சம்பளம், வாடகை எல்லாம் சேர்த்து 60 லட்சம் வருமானம். குடும்பச் செலவு, பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், கடன் தவணை எல்லாம் சேர்த்து 40 லட்சம். புதிதாகச் சேர்ந்த சொத்து 90 லட்சம், இது ஐந்தாவது பட்டியல். மிச்சம் பிடித்திருக்கக்கூடியது 20 லட்சம், இது ஆறாவது. வித்தியாசம் 70 லட்சம், இது ஏழாவது. வருமானம் 60 லட்சம் என்பதால் சுமார் 117 சதவீதம் அதிகச் சொத்து. நாளிதழில் 'வருமானத்தைவிட 117 சதவீதம் அதிகம்' என்று வருவது இந்தக் கடைசி எண்தான்.

இப்போது வழக்கறிஞர் வருகிறார். 'என் கட்சிக்காரருக்கு மாமனார் வீட்டு நிலத்திலிருந்து இந்த ஆறு வருடத்தில் 15 லட்சம் வந்தது' என்கிறார். நீதிமன்றம் அதை ஏற்றால் என்ன ஆகும்? வருமானம் 75 லட்சமாக ஏறுகிறது, அதிகச் சொத்து 55 லட்சமாக இறங்குகிறது. 117 சதவீதம் ஒரேயடியாக 73-க்கு வந்துவிடும். சதவீதக் கணக்கில் மேலே இருக்கும் எண் (அதிகச் சொத்து) குறைகிறது, கீழே இருக்கும் எண் (வருமானம்) கூடுகிறது, ஒரே விளக்கத்தில் இரண்டு லாபம். அதனால்தான் இந்த வழக்குகளில் சொத்தைப் பற்றிய சண்டையைவிட வருமானத்தைப் பற்றிய சண்டை பெரிதாக நடக்கும்.

நம் ஊரில் வருமானத்துக்கு விளக்கம் என்றால் பெரும்பாலும் மூன்றுதான். மனைவிக்குப் போட்ட நகை, கல்யாணத்தில் வந்த மொய், அப்புறம் விவசாயம். நகைக்கு ரசீது இருக்காது, 'தாய் வீட்டுச் சீதனம்' என்றால் முடிந்தது. விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது, அதனால் வரித் துறையும் துருவிப் பார்க்க ஆர்வம் காட்டுவதில்லை. அதிகாரியின் மனைவிக்கு மாமரத் தோப்பு இருந்தால் ஒவ்வொரு மாங்காயும் அவருக்குச் சாட்சி. திராட்சைத் தோட்டம் ஏன் அத்தனை நாள் வாதத்துக்கு வந்தது என்பது இப்போது புரிந்திருக்கும்.

மொய்யைப் பற்றி ஒரு சின்ன விலகல். மதுரை, தேனிப் பக்கம் கல்யாண மண்டப வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து மொய் எழுதுவார்கள். ஊர், பெயர், அப்பா பெயர், தொகை. அந்த நோட்டைப் பீரோவில் பத்திரமாக வைத்திருப்பார்கள். அடுத்த வருடம் அவர் வீட்டில் விசேஷம் என்றால் புரட்டிப் பார்த்து, வந்ததற்குக் குறையாமல் செய்வார்கள். எழுதினவர் ஒருவர், அதைப் படிப்பவர்கள் பலர். மாற்றி எழுதினால் மறுநாளே சண்டை வரும். அரசாங்கத்தின் சொத்துக் கணக்குக் கோப்புகளுக்கு இல்லாத யோகம் இது.

கூட்டல் பிழை

1996 டிசம்பரில் ஜெயலலிதாவின் போயஸ் தோட்ட வீட்டில் சோதனை நடந்தது. வழக்கு 1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரையிலான காலத்துக்கு. தொடக்கத்தில் இருந்த சொத்து சுமார் 2.01 கோடி, முடிவில் 66.65 கோடி என்றது அரசுத் தரப்பு. முதல்வராக அவர் மாதம் ஒரு ரூபாய்தான் சம்பளம் வாங்கினார், 27 மாதத்துக்கு மொத்தம் 27 ரூபாய். வழக்கு நியாயமாக நடக்க வேண்டும் என்று திமுகவின் க. அன்பழகன் உச்ச நீதிமன்றத்துக்குப் போக, 2003-இல் அது பெங்களூருக்கு மாறியது. 2014 செப்டம்பர் 27 அன்று நீதிபதி ஜான் மைக்கேல் டி குன்ஹா, விளக்கம் சொல்ல முடியாத சொத்து 53.60 கோடி என்று கணக்கிட்டு, நான்கு ஆண்டுச் சிறையும் 100 கோடி அபராதமும் விதித்தார்.

அடுத்த வருடம் மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் ஜெயலலிதாவையும் உடன் குற்றம்சாட்டப்பட்டவர்களையும் விடுதலை செய்தது. நீதிபதி சி.ஆர். குமாரசாமி போட்ட கணக்கில் அதிகச் சொத்து 2.82 கோடிதான், வருமானத்தில் 8.12 சதவீதம். 1977-இல் கிருஷ்ணானந்த் அக்னிஹோத்ரி வழக்கில், பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்ற அளவில் உச்ச நீதிமன்றம் ஒரு அரசு ஊழியரை விட்டிருந்தது. அந்தப் பத்து சதவீதத்துக்குள் இது வந்துவிட்டது.

அப்புறம்தான் கூட்டல் பிழை வெளிவந்தது. தீர்ப்பில் வங்கிக் கடன்கள் பத்து வரியாக எழுதப்பட்டிருந்தன. கூட்டுத்தொகை 24.17 கோடி என்று போட்டிருந்தார்கள். யாராவது கால்குலேட்டரில் தட்டினால் 10.67 கோடிதான் வரும். பதின்மூன்றரைக் கோடி வித்தியாசம். கடனும் வருமானப் பக்கம் சேர்க்கப்பட்டிருந்ததால் இந்தப் பிழை மேலும் கீழும் ஒரே நேரத்தில் வேலை செய்தது. நம் மாமனார் வீட்டு நிலம் செய்த அதே வேலை. சரியான கூட்டலோடு போட்டால் 8.12 என்பது சுமார் 76 சதவீதத்தைத் தாண்டும்.

உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரி 14 அன்று விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பையே நிலைநிறுத்தியது. அதற்குள் ஜெயலலிதா இறந்துவிட்டிருந்தார். அந்தத் தீர்ப்பில் என் கண்ணில் நிற்பது இரண்டு விஷயம். ஒன்று, ஒரு தொகையை வருமான வரிக் கணக்கில் காட்டி வரி கட்டிவிட்டதாலேயே அது நியாயமான வழியில் வந்தது என்று ஆகிவிடாது. வரித் துறைக்கு வேண்டியது வரி. பணம் எந்த வழியில் வந்தது என்பது அதன் கவலை இல்லை. இரண்டு, பதவியில் இருப்பவருக்குப் பிறந்தநாள் பரிசாக வந்தது என்று சொல்லப்பட்ட கோடிகள். அதைச் சட்டப்படியான வருமானமாக ஏற்க நீதிமன்றம் மறுத்தது.

பினாமி பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இந்தப் பிரிவு அரசு ஊழியருக்கு மட்டும்தானே, சொந்தக்காரர்களை எப்படிச் சேர்க்கலாம் என்ற வாதம் தமிழ்நாட்டிலிருந்து போன நல்லம்மாள் வழக்கில் 1999-இலேயே முடிந்துவிட்டது. உடந்தையாக இருந்தவர் அரசு ஊழியராக இல்லாவிட்டாலும் குற்றவாளிதான்.

வேட்புமனுவோடு வரும் தாள்கள்

இதெல்லாம் நடந்து முடிந்த பிறகு கேட்கும் கணக்கு. முன்கூட்டியே காட்டும் கணக்கில் மக்களுக்குப் பழக்கமானது வேட்பாளரின் பிரமாணப் பத்திரம். படிவம் 26 என்று பெயர். இது சுலபமாகக் கிடைத்ததில்லை. 1999-இல் தொடங்கிய ஒரு பொதுநல வழக்கில் 2002 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், வேட்பாளரின் சொத்தும் வழக்குகளும் படிப்பும் வாக்காளருக்குத் தெரிய வேண்டும் என்றது. ஒன்றிலும் ஒத்துப்போகாத கட்சிகள் இந்த ஒரு விஷயத்தில் கைகோத்தன. நீதிமன்றம் என்ன சொல்லியிருந்தாலும் சட்டத்தில் உள்ளதற்கு மேல் வேட்பாளர் எதுவும் சொல்லத் தேவையில்லை என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 33பி என்ற பிரிவைக் கொண்டுவந்தார்கள். 2003 மார்ச் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அன்றிலிருந்துதான் தேர்தலுக்குத் தேர்தல் 'கோடீஸ்வர வேட்பாளர்கள்' செய்தி நமக்குக் கிடைக்கிறது.

தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் ஒரு பத்திரத்தை இறக்கிப் பாருங்கள். முத்திரைத்தாள், நோட்டரி சீல், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. கையிருப்பு ரொக்கம், வங்கி இருப்பு, எல்ஐசி, கொடுத்த கடன், வண்டி, நகை இவ்வளவும் அசையும் சொத்து. தமக்கு, வாழ்க்கைத் துணைக்கு, இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கு, சார்ந்திருப்போருக்கு என்று தனித்தனிக் கட்டங்கள். நிலம் என்றால் சர்வே எண், பரப்பு, பூர்வீகமா, வாங்கியதா, வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய சந்தை மதிப்பு. அந்தச் சந்தை மதிப்பு வேட்பாளர் தாமே போட்டுக்கொள்வது. ஒருவர் வழிகாட்டி மதிப்பைப் போடுவார், இன்னொருவர் பக்கத்து நிலம் போன விலையைப் போடுவார். சொத்து இரட்டிப்பானதா, மதிப்பிட்ட விதம் மாறியதா என்பது வெறும் மொத்தத் தொகையைப் பார்த்தால் தெரியாது.

2011 தேர்தலில் ஜெயலலிதா காட்டிய சொத்து 51.40 கோடி. 2015 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் 117.13 கோடி. நான்கு வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல். ஏன் என்று எழுத அன்றைய படிவத்தில் இடமே இல்லை. அவரை மட்டும் குறை சொல்ல முடியாது, யாருக்குமே இடம் இல்லை. வருமானம் எந்த வழியில் வருகிறது என்ற கட்டம் 2017-இல்தான் சேர்ந்தது. 2018 பிப்ரவரியில் லோக் பிரஹரி வழக்கில் உச்ச நீதிமன்றம், சொத்தின் அளவு மட்டும் போதாது, வந்த வழியும் வேண்டும் என்று அழுத்தமாகச் சொன்னது. பதவிக் காலத்தில் சொத்து முறையின்றி வளர்கிறதா என்று பார்க்க நிரந்தரமாக ஓர் ஏற்பாடு வேண்டும் என்றும் சொன்னது. 2019-இல் ஐந்து ஆண்டு வருமான வரி விவரமும் வெளிநாட்டுச் சொத்தும் படிவத்தில் சேர்ந்தன. அந்தக் கட்டத்தில் இப்போது என்ன எழுதுகிறார்கள்? 'விவசாயம்', 'வாடகை', 'வியாபாரம்', ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது. பொய் சொன்னால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஏ பிரிவில் அதிகபட்சம் ஆறு மாதச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தேர்தல் அதிகாரி கட்டம் காலியாக இருக்கிறதா என்று பார்ப்பார். 2013-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு காலியாக விட்டால் மனுவை நிராகரிக்கவே முடியும். நிரப்பியது உண்மையா என்று பார்ப்பது அவர் வேலை இல்லை.

மறுபக்கம் ஒன்றும் உண்டு. அருணாசலப் பிரதேசத்தின் தேசு தொகுதியில் 2019-இல் ஜெயித்தவரின் வெற்றியை, மூன்று வண்டிகளைக் காட்டவில்லை என்று கவுகாத்தி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஒரு கைனடிக் ஸ்கூட்டி, ஒரு மாருதி ஆம்னி வேன், ஒரு டிவிஎஸ் ஸ்டார் சிட்டி பைக். மூன்றும் அதற்கு முன்பே கைமாறியவை, ஆர்சி புத்தகத்தில் பெயர்தான் மாறவில்லை. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வெற்றியைத் திருப்பிக் கொடுத்தது. வீட்டில் உள்ள ஒவ்வொரு தட்டுமுட்டுச் சாமானையும் வாக்காளர் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, விலையுயர்ந்ததாக இருந்தாலோ வாழ்க்கை முறையைக் காட்டுவதாக இருந்தாலோ மட்டும் சொல்ல வேண்டும் என்றது. நியாயமான தீர்ப்புதான். ஆம்னி வேனை வைத்து யாரும் ஊழல் செய்ததாகக் கேள்விப்பட்டதில்லை.

அலுவலகக் கோப்புகள்

அரசு ஊழியர்களுக்கு இந்தக் கட்டாயம் அதைவிடப் பழையது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964 நடத்தை விதிகள், ஐஏஎஸ், ஐபிஎஸ் அதிகாரிகளுக்கு 1968 விதிகள், தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 1973 விதிகள். நிலம் வாங்கினால் சொல்ல வேண்டும், விற்றால் சொல்ல வேண்டும். மத்திய அரசில் இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் போகும் பொருள் வாங்கினால் ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஐஏஎஸ் அதிகாரிகள் ஒவ்வொரு ஜனவரி 31-க்குள்ளும் அசையாச் சொத்துப் பட்டியல் தர வேண்டும். தராவிட்டால் பதவி உயர்வுக்கு வேண்டிய தடையின்மைச் சான்று கிடைக்காது. அந்தப் பட்டியல்கள் இணையத்திலும் இருக்கின்றன. ஊர், மதிப்பு, யார் பெயரில், எப்படிக் கிடைத்தது, ஆண்டு வருமானம். 'எப்படிக் கிடைத்தது' என்ற கட்டம் இதில் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது பாருங்கள். வேட்பாளர் படிவத்தைவிட இந்த விஷயத்தில் அலுவலகப் படிவம் கெட்டிக்காரத்தனமானது.

தகராறு எங்கே என்றால், சொல்வதைக் கேட்டுக்கொள்ளும் இடத்தில். வந்த பட்டியலைப் போன வருடப் பட்டியலோடும் சம்பளத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் வேலை ஒதுக்கப்படவில்லை. புகார் வந்தால்தான் கோப்பு திறக்கும். வழக்கு வந்த பிறகு அதே பட்டியல் அரசுத் தரப்பின் சாட்சியமாகிறது. 'இந்த மனையை நீங்கள் தெரிவிக்கவே இல்லையே' என்று பல வருடம் கழித்துக் கேட்பார்கள்.

இதைச் சரிசெய்ய ஒரு நல்ல வாய்ப்பு வந்து கைநழுவிப் போனது. ஊழல் புகார்களை விசாரிக்கும் அமைப்பான லோக்பாலுக்கு வந்த 2013 சட்டத்தின் 44-ஆவது பிரிவு, அரசு ஊழியர் எல்லோரும் தம், துணைவர், சார்ந்திருக்கும் பிள்ளைகள் சொத்தைத் தெரிவிக்க வேண்டும், அதைத் துறை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்றது. கெடு தள்ளிப் போனது, மறுபடி தள்ளிப் போனது. அரசு நிதி வாங்கும் தொண்டு நிறுவன நிர்வாகிகளும் இதில் வந்ததால் அவர்களும் எதிர்த்தார்கள். 2016 ஜூலை கடைசி வாரத்தில் இரு அவைகளும் அடுத்தடுத்த நாளில், பெரிதாக விவாதம் இல்லாமலே, அந்தப் பிரிவை மாற்றின. புதிய வாசகம்: 'வகுக்கப்படும் படிவத்திலும் முறையிலும்' தெரிவிக்க வேண்டும். வெளியிடுவது என்ற பேச்சே காணாமல் போனது. அந்த டிசம்பரில், புதிய விதி வரும்வரை யாரும் எதுவும் தர வேண்டாம் என்று அறிவிப்பும் வந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்க்கலாமே என்றால், 2012-இல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் ஊழியரின் சொத்து விவரம் தனிப்பட்ட தகவல் என்று சொல்லிவிட்டது. பெரிய பொதுநலன் இருந்தால் மட்டுமே கிடைக்கும்.

தனியுரிமை வாதத்தை நான் முழுக்கத் தள்ளிவிடமாட்டேன். ஒரு கிராம நிர்வாக அலுவலர் மனைவியின் நகை எத்தனை பவுன் என்று ஊருக்கே போட்டுக் காட்டுவதில் எனக்கும் தயக்கம் உண்டு. திருடனுக்கு விலாசம் எழுதிக் கொடுப்பது போல ஆகிவிடும். ஆனால் வெளியிடாததற்குச் சொல்லும் காரணம், உள்ளே யாரும் படிக்காமல் இருப்பதற்குக் காரணம் ஆகாது.

நீதிபதிகள் கதை தனி. 1997 மே 7 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கூடி, சொத்து விவரத்தைத் தலைமை நீதிபதியிடம் தருவது என்று முடிவு செய்தார்கள். 2009-இல் விரும்பியவர் வெளியிடலாம் என்றார்கள். விருப்பம் நாளடைவில் குறைந்துபோனது. 2025 மார்ச்சில் டெல்லியில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் வீட்டில் தீப்பிடித்து, எரிந்த பணக்கட்டுகள் பற்றிய செய்தி வெளியானது. ஏப்ரல் 1 அன்று எல்லோர் கணக்கையும் வெளியிடுவது என்று முடிவானது. மே 5 அன்று 33 நீதிபதிகளில் 21 பேருடைய பட்டியல் இணையத்தில் ஏறியது.

இலங்கையின் பழைய சட்டம் இன்னும் வேடிக்கை. 1975-ஆம் ஆண்டின் 1-ஆம் இலக்கச் சொத்துகள், பொறுப்புகள் வெளிப்படுத்தல் சட்டத்தில், கட்டணம் செலுத்தி ஒருவரின் விவரத்தைப் பார்க்கலாம், ஆனால் பார்த்ததை வெளியில் சொல்லக் கூடாது. சொன்னால் சொன்னவருக்குத் தண்டனை. கிட்டத்தட்ட ஐம்பது வருடம் இப்படி ஓடியது. 2023-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதை மாற்றியது. இப்போது இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவே விவரங்களை வாங்கி, சில தனிப்பட்ட தகவல்களை மறைத்துவிட்டு, இணையத்தில் போடுகிறது. சர்வே எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் கறுப்பு மை பூசிவிட்டு மற்றதைக் காட்ட முடியும் என்றால், வெளியிட்டால் ஆபத்து என்ற நம் ஊர்ப் பேச்சுக்கு அது பாதிப் பதில்.

சரி, ஜெயலலிதா வழக்கின் பொருட்கள் என்ன ஆயின? வாரிசுகள் கேட்ட மனு தள்ளுபடியான பிறகு, 2025 பிப்ரவரியில் பெங்களூரு நீதிமன்றக் காவலில் இருந்த 27 கிலோ தங்க நகைகளும் 1,526 ஏக்கர் நிலப் பத்திரங்களும் தமிழ்நாடு அதிகாரிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. அதிகாரிகள் ஒவ்வொரு நகையாக எடுத்து, எடைபோட்டு, 1996-இல் எழுதிய பட்டியலோடு சரிபார்த்து வாங்கிக்கொண்டார்கள்.